மறு: பல்கலைக்கழக ‘அத்தாரிட்டி’ என்பது அதிகாரியா, அவையா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> பல்கலைக்கழகச் சட்டங்களில் வரும் ‘அத்தாரிட்டீஸ் ஆஃப் தி யுனிவர்சிட்டி’ என்பதற்குப் ‘பல்கலைக்கழக அதிகாரிகள்’ என்றே போட்டால் என்ன? எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே.

தெரிந்த சொல்தான் ஐயா, ஆனால் இங்கே தவறாகப் போய்விடும். இந்தியப் பல்கலைக்கழகச் சட்டங்களைப் புரட்டினால் இரண்டு பட்டியல்கள் தனித்தனியாக இருக்கும். ஒன்று ‘ஆஃபீசர்ஸ்’. வேந்தர், துணைவேந்தர், பதிவாளர், நிதி அலுவலர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் என்று எல்லாம் ஆட்கள். மற்றது ‘அத்தாரிட்டீஸ்’. அதில் ஓர் ஆள்கூடக் கிடையாது. ஆட்சிக்குழு, கல்விப்பேரவை, பாடத்திட்டக் குழு, நிதிக்குழு என்று எல்லாமே பலர் கூடி உட்கார்ந்தால்தான் உயிர்பெறுகிறவை. 1923ஆம் ஆண்டின் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தில் செனட் (ஆட்சிப்பேரவை), சிண்டிகேட் (ஆட்சிக்குழு), அகாதெமிக் கவுன்சில் (கல்விப்பேரவை) ஆகியவை அத்தாரிட்டிகள். திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் பொருந்தும் 2009ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டமும் இதே பிரிவினையைத்தான் பின்பற்றுகிறது. இரண்டு பட்டியலுக்கும் ‘அதிகாரிகள்’ என்று தலைப்பிட்டால், சட்டம் பிரித்து வைத்ததை நாம் ஒட்டிவிடுகிறோம்.

இதை ஒரே ஒரு விதியை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். அந்த 2009ஆம் ஆண்டுச் சட்டத்தில் துணைவேந்தருக்கான அவசர அதிகாரம் ஒன்று உண்டு. உடனே செயல்பட்டாக வேண்டும் என்று அவர் கருதினால், கூட்டம் கூடும்வரை காத்திருக்காமல் தாமே முடிவெடுக்கலாம். ‘அதிகாரி’யைப் போட்டு அதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: “துணைவேந்தர், பல்கலைக்கழகத்தின் எந்த அதிகாரியின் அதிகாரத்தையும் தாமே செலுத்தலாம், எடுத்த நடவடிக்கையை அந்த அதிகாரியின் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும்.” அதிகாரிக்கு ஏது கூட்டம்? படிப்பவர், துணைவேந்தர் பதிவாளரின் வேலையையும் சேர்த்துப் பார்க்கலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். விதி சொல்வதோ அதைவிடப் பெரிய விஷயம். பலர் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவை ஒருவர் எடுக்கிறார். அதனால்தான் அவர் அந்தப் பலரிடமும் திரும்பிப் போய்ச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ‘இது செய்திருக்கக் கூடாதது’ என்று கருதினால் விவகாரத்தை விசிட்டரிடம், அதாவது குடியரசுத் தலைவரிடம், அனுப்பலாம். அவர் முடிவே இறுதியானது. இந்தத் தடை முழுவதும் ‘அத்தாரிட்டி’ என்ற ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. (விசிட்டரைப் ‘பார்வையாளர்’ என்று எழுதுவதும் எனக்கு உறுத்தல்தான். அரங்கில் உட்கார்ந்து பார்ப்பவர் என்று தொனிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.)

> சரி, ‘அதிகார அமைப்பு’ என்று போட்டுவிடலாமே? அதிகாரி என்ற குழப்பம் தீர்ந்துவிடும்.

அந்தக் குழப்பம் தீரும், வேறொன்று வரும். ‘அதிகார அமைப்பு’ என்றதும் யார் மேலே, யார் கீழே என்ற படிநிலைதான் மனத்தில் வருகிறது. சமூகவியல் கட்டுரைகளில் அந்தப் பொருளில் அது நன்றாகவே காலூன்றிவிட்டது. மேலும் ‘அமைப்பு’ மிகவும் அகலமான சொல். துறையும் அமைப்பு, சங்கமும் அமைப்பு, கட்டடத்தின் வடிவமும் அமைப்பு. கூடி முடிவெடுத்தல் என்ற குறிப்பு அதில் இல்லை.

‘ஆணையம்’ வேண்டாம். தேர்தல் ஆணையம் போலப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிற்கும் ஒன்றைத்தான் அது நினைவூட்டுகிறது. ‘குழுமம்’ சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் அத்தாரிட்டிக்கு நிகராக வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வணிக நிறுவனங்களின் தொகுப்புக்கு அந்தச் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. தீர்ப்பாயத்தைப் பின்பற்றி ‘ஆட்சியாயம்’ என்று ஒருவர் முன்வைத்தது அழகாக இருந்தாலும், ‘ஆட்சி’ என்றதும் நிருவாகம்தான் தோன்றும். கல்விப்பேரவை நிருவாகம் பார்ப்பதில்லை. எந்தப் பாடத்தை எப்படிக் கற்பிப்பது, எதற்குப் பட்டம் தருவது என்று முடிவு செய்கிறது. அதையும் உள்ளடக்கும் சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: அதிகார அவை.

‘அவை’ என்ற பகுதிக்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் உண்டு. குழுக்கள் வழியாக ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது என்பதன் சாரமே, அங்கே அதிகாரம் ஆளிடம் இல்லை, அமர்வில் இருக்கிறது என்பதுதான். ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவர் கூட்டம் முடிந்து எழுந்து வெளியே வந்துவிட்டால், அந்த உறுப்பினர் என்ற முறையில் ஒரு எழுத்தரைக்கூட அவர் ஏவ முடியாது. முறையான அழைப்பு போயிருக்க வேண்டும், நிகழ்ச்சி நிரலில் பொருள் இருக்க வேண்டும், குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது இத்தனை பேர் வேண்டும் என்ற எண்ணிக்கை, ‘கோரம்’) நிறைந்திருக்க வேண்டும், தீர்மானம் பதிவாக வேண்டும். அப்புறம்தான் அது பல்கலைக்கழகத்தின் முடிவு. பதிவாளர் கையெழுத்திட்டு ஆணை அனுப்புகிறார் என்றால், அவர் பெரும்பாலும் அந்தத் தீர்மானத்தை அறிவிக்கிறார், அவ்வளவுதான்.

இது மொழிபெயர்ப்பாளருக்கு மட்டுமான கவலை இல்லை. ஆய்வேட்டுக்குக் கால நீட்டிப்பு கேட்ட மாணவியிடம் ‘அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள்’ என்று சொன்னால், அவர் எந்த அறைக் கதவைத் தட்டுவது என்றுதான் தேடுவார். ‘அதிகார அவை மறுத்தது’ என்றால் அடுத்த கேள்வி தானாக வரும். எந்த அவை? எந்தத் தேதிக் கூட்டம்? தீர்மான எண் என்ன? காரணம் பதிவாகியிருக்கிறதா? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கூட்டக் குறிப்பின் நகலைக் கேட்கலாம் என்ற எண்ணமும் அப்போதுதான் எழும். ஒரு கூட்டமும் நடக்கவே இல்லை என்று தெரியவந்தால், அதுவே அவருடைய மேல்முறையீட்டின் முதல் வாதம்.

> நிதிக்குழு பரிந்துரை மட்டும்தானே செய்கிறது? பாடத்திட்டக் குழுவும் அப்படித்தான். முடிவெடுக்காத குழுவை ‘அதிகார அவை’ என்பது பொருந்துமா?

இந்த இழையில் வந்தவற்றிலேயே கனமான கேள்வி இது. பாடத்திட்டக் குழு வகுக்கிறது, கல்விப்பேரவை ஏற்கிறது. தேர்வுக்குழு நேர்காணல் நடத்திப் பெயர் சொல்கிறது, ஆட்சிக்குழு பணியமர்த்துகிறது. நிதிக்குழு வரவுசெலவுத் திட்டத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறது. எனவே ‘முடிவெடுப்பது அவை, பரிந்துரைப்பது குழு’ என்று கோடு கிழித்தால் சட்டத்தோடு மோதுவோம். நிதிக்குழுவும் பாடத்திட்டக் குழுவும் அத்தாரிட்டி பட்டியலிலேயே இருக்கின்றன.

கோடு வேறு இடத்தில் விழுகிறது. அந்தக் குழுவின் பிறப்பு எங்கே என்று கேட்க வேண்டும். ஒரு விடுதிப் புகாரை விசாரிக்க ஆட்சிக்குழு நான்கு பேரை நியமித்தால், அடுத்த மாதமே அதைக் கலைத்துவிடலாம். அந்த நால்வரும் ஆட்சிக்குழுவின் கையும் கண்ணும். நிதிக்குழுவை ஆட்சிக்குழுவால் கலைக்க முடியாது. அதன் பரிந்துரையைத் தள்ளலாம், ஆனால் சட்டம் கேள் என்று சொன்ன இடத்தில் அதைக் கேட்காமல் போக முடியாது. பரிந்துரைக்கும் உரிமையையே சட்டம் அதற்கு நேராகத் தந்திருக்கிறது. அதுவும் ஓர் அதிகாரம்தான். ஆக, சட்டமோ அதன்கீழ் வரும் நிலைவிதிகளோ நேரடியாக உண்டாக்கியது அதிகார அவை. ஓர் அதிகார அவை தன் தீர்மானத்தால் உண்டாக்கியது குழு, துணைக்குழு. பெயரின் கடைசியில் ‘குழு’ என்று இருப்பது தடையில்லை. ஆட்சிக்குழு என்ற பெயரை இனி யாரும் மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம். நாம் தேடுவது வகைப்பெயர்தான்.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதும் அல்ல. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) எடுத்துக்கொள்ளுங்கள். குடவோலை என்றதும் எல்லோரும் தேர்தலைப் பேசுகிறார்கள், குழுமுறையை யாரும் பேசுவதில்லை. ஊரை ஆள்வது சபை. வேலையைப் பகிர்ந்து செய்வது வாரியம்: ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம், ஆட்டை வாரியம். வாரியத்தின் ஆயுள் 360 நாள். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கு. வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். அது பிராமணர் சபை, நிலமும் வேதக் கல்வியும் தகுதியாகக் கேட்கப்பட்டன என்பதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் விதி வகுக்கும் அவைக்கு ஒரு சொல், அது நியமித்துக் கலைக்கும் குழுவுக்கு வேறு சொல் என்ற தெளிவு அந்தத் தமிழில் இருக்கிறது. இன்று மானியக் குழு, ஆட்சிக்குழு, விழாக்குழு எல்லாவற்றுக்கும் ஒரே ‘குழு’வை வைத்துக்கொண்டு நாம் திண்டாடுகிறோம்.

> வாரியத்தையே மீட்கலாமே?

ஆசைதான். ஆனால் மின்வாரியமும் வீட்டுவசதி வாரியமும் அதை எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆயிற்று. தவிர, கல்வெட்டின் பொருளில் வாரியம் என்பது நமக்கு வேண்டியதன் மறுபக்கம். அங்கே சபைதான் நம் அதிகார அவை.

புணர்ச்சி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மரம் + அடி மரவடி ஆவதுபோல இதைச் சேர்த்தால் ‘அதிகாரவவை’ என்று வரும். இலக்கணப்படி சரி, நாக்குக்குச் சரியில்லை. இடம்விட்டு ‘அதிகார அவை’ என்றே எழுதலாம்.

ஈழத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின்படி கவுன்சில்தான் நிருவாகத்தை ஆள்கிறது, செனட் கல்விசார் அவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முன்னதைப் பேரவை என்கிறீர்கள், பின்னதை மூதவை என்கிறீர்கள். தமிழ்நாட்டில் செனட்தான் ஆட்சிப்பேரவை, அகாதெமிக் கவுன்சில் கல்விப்பேரவை. ஆகவே ‘பேரவை தீர்மானித்தது’ என்ற ஒரே வாக்கியத்தை யாழ்ப்பாணத்தில் ஒரு பொருளிலும் சென்னையில் வேறு பொருளிலும் படிப்பார்கள். இரண்டில் ஒன்றைத் திணிக்க வேண்டியதில்லை. தனிப்பெயர்கள் அந்தந்த நாட்டுச் சட்டத்தின்படி இருக்கட்டும். பொதுச்சொல் ஒன்றாக இருந்தால், ‘மூதவை (கல்விசார் அதிகார அவை)’ என்று ஒரு முறை விளக்கிவிட்டு நகர்ந்துவிடலாம். மூதவை என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், செனட்டின் வேர்ப்பொருளான முதியோர் என்பதும் அதில் இருக்கிறது. ஆனாலும் இங்கே ஐந்நூறு பக்க விதித்தொகுப்புகளில் ஏறிவிட்ட ஆட்சிப்பேரவையை இறக்க நான் வாதாட மாட்டேன்.

கலைச்சொல் பட்டியலில் இப்படிப் பதியலாம் என்று நினைக்கிறேன்:

அதிகார அவை (பெ.): பல்கலைக்கழகச் சட்டத்தாலோ நிலைவிதியாலோ நேரடியாக நிறுவப்பட்டு, கூட்டத்தில் நிறைவேற்றும் தீர்மானத்தின் வழியாக மட்டுமே தன் அதிகாரத்தைச் செலுத்தும் உறுப்பினர் தொகுதி. எ-டு: ஆட்சிக்குழு, கல்விப்பேரவை, நிதிக்குழு. ஒப்பிடுக: அலுவலர் (தனியாள்), துணைக்குழு (அதிகார அவையால் நிறுவப்படுவது).

துணைவேந்தர் விதி இப்போது: “உடனடி நடவடிக்கை தேவை என்று கருதினால், துணைவேந்தர் எந்த அதிகார அவைக்கும் உரிய அதிகாரத்தைத் தாமே செலுத்தலாம், எடுத்த நடவடிக்கையை அந்த அவையின் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க வேண்டும்.” இங்கே ‘தெரிவிக்க’ என்பதைப் ‘பின்னேற்பு பெற’ (செய்து முடித்ததற்குப் பிறகு அவையின் ஒப்புதல் வாங்க) என்று மாற்ற வேண்டாம் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். சில மாநிலப் பல்கலைக்கழக நடைமுறையில் பின்னேற்பு பழகிப்போயிருக்கலாம், ஆனால் இந்த விதி கேட்பது அறிவிப்பை, மறுப்பு இருந்தால் விசிட்டருக்கு அனுப்புவதை.

மறுப்பு உள்ளவர்கள் வேறு சொல்லோடு வாருங்கள். அந்தச் சொல்லை இதே விதியில் பொருத்தி, முழு வாக்கியமாக எழுதி அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

அன்புடன்.