மீட்டர் சிவப்புக்கே போகல, ஆனா குரல் உடையுது – அவசர உதவி

குரல்வளை:
நாளைக்குள்ள ஒரு குரல் பதிவு அனுப்பணும். சத்தமா பேசுற இடத்துல எல்லாம் கரகரன்னு உடையுது. மீட்டர் -8 டெசிபலைத் தாண்டவே இல்ல. கெயினை (ஒலியைப் பெருக்குற அளவை) குறைச்சும் பார்த்துட்டேன். சத்தம்தான் குறையுது, கரகரப்பு அப்படியே இருக்கு. என்ன செய்ய?

மோனோ:
என்ன மைக்? எதுல சொருகியிருக்கீங்க? எந்தக் கெயின்: பெட்டியில இருக்கிற திருகா, மென்பொருள் ஃபேடரா? ஃபேடர்னா அது பதிவானதுக்கு அப்புறம் கேட்கிற சத்தத்தைத்தான் குறைக்கும்.

இரவுப்பறவை:
பஃபர்தாங்க, கணினி ஒலியைத் தற்காலிகமா சேர்த்துவைக்கிற இடம். 128ல இருந்தா 512 ஆக்குங்க. எனக்கும் இதே தொல்லைதான்.

மோனோ:
பஃபர்னா எங்க வேணாலும் டிக் டிக்னு விழும். இவர் சத்தமா பேசறப்ப மட்டும்ங்கிறார்.

பழையடேப்:
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வி. டிஜிட்டல்ல 0க்கு மேல இடம் கிடையாது. சராசரி -18 பக்கம், உச்சம் -10 பக்கம். எத்தனை தடவை எழுதியாச்சு! தேடிப் பார்த்துட்டுக் கேட்கப் பழகுங்க தம்பி.

மோனோ:
அண்ணே, உச்சம் -8ன்னு அவரே சொல்லிட்டார். 0 பக்கமே போகல.

இரவுப்பறவை:
-18ல வச்சா இரைச்சல்தான் மிஞ்சும். சிவப்பை உரசிப் பதிஞ்சாதான் தரம்.

பழையடேப்:
அது டேப் காலத்துப் பழக்கம். 16 பிட் பதிவுலயே டிஜிட்டல் இரைச்சலுக்கும் உச்ச சத்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் இடம் இருக்கு, 24 பிட்டுக்குக் கணக்குப்படி 144. உங்க அறை மின்விசிறி அந்த இரைச்சலுக்கு ரொம்ப முன்னாடியே கேட்டுடும்.

இரவுப்பறவை:
அப்ப 32 பிட் ஃப்ளோட்ல (0ஐத் தாண்டினாலும் வெட்டாத பதிவு முறை) பதியுற கருவி வாங்கிட்டா லெவலே பார்க்க வேணாம்ல?

பழையடேப்:
மைக் ஒலியை முதல்ல பெருக்குற ப்ரீஆம்ப்லயே உடைஞ்ச குரலை எந்த ஃப்ளோட்டும் ஒட்டவைக்காது.

அலைமோதி:
கேட்டவர் எங்கப்பா? அலைவடிவத்தைப் பெருசாக்கிப் பாருங்க. -8லயே உச்சி சீவின மாதிரி தட்டையா இருந்தா, கணினிக்கு வர்றதுக்கு முன்னாடியே எங்கயோ வெட்டுப்பட்டிருக்கு. அதுக்குப் பின்னாடி கெயினை எவ்வளவு குறைச்சாலும் வெட்டுப்பட்டது சின்னதா தெரியும், அவ்வளவுதான். நடுவுல வேற பெட்டி ஏதாவது இருக்கா?

குரல்வளை:
தட்டையாத்தான் இருக்கு. நடுவுல ஒரு சின்ன மிக்சர். சொல்லணும்னு தோணல.

மோனோ:
அட! இதைத்தானே முதல்லயே கேட்டேன். அதுல கெயின் எங்க நிக்குது? பக்கத்துல சிவப்பு விளக்கு மின்னுதா?

அலைமோதி:
மிக்சர் கெயினை முழுசா இறக்கிடுங்க. நீங்க பேசப்போற அதே சத்தத்துல பேசிக்கிட்டே, விளக்கு மின்னாத அளவுக்கு ஏத்துங்க. அங்கிருந்து இன்டர்ஃபேஸோட (ஒலியைக் கணினிக்கு அனுப்புற பெட்டி) லைன் இன்புட்டுக்கு, அது ஏற்கெனவே பெருக்கின ஒலிக்கானது. மைக் இன்புட் வேணாம். அங்க உச்சம் -12 வந்தா போதும். சோதனைக்குப் பேசறதைவிட நிஜத்துல எல்லாரும் கத்துவாங்க, அந்த இடைவெளி அதுக்குத்தான்.

குரல்வளை:
மிக்சர்ல முழுசா திருகியிருந்தது. இப்ப சரி. நன்றி.

அலைமோதி:
ஏற்கெனவே பதிஞ்சதை என்ன பண்ணப்போறீங்க? டிக்ளிப் (வெட்டுப்பட்ட உச்சியைச் சரிக்கட்டுற மென்பொருள் கருவி) போட்டாலும் ஓரளவுதான் தேறும். மறுபடி பேசிடுறது நல்லது.

இரவுப்பறவை:
பஃபரையும் மாத்துனீங்கதானே?