பயோமெடிக்கல் இன்ஜினியரிங்: ரேங்க்க பாக்குறதா, டிபார்ட்மெண்ட்ட பாக்குறதா?

கேள்வி

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிக்கு பயோமெடிக்கல் இன்ஜினியரிங்ல ரெண்டு யுனிவர்சிட்டில இடம் கிடைச்சிருக்கு, எதுன்னு பத்து நாளைக்குள்ள சொல்லியாகணும். நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, இந்த ஃபீல்டு எனக்கு சுத்தமா தெரியாது. ஒண்ணு ரேங்க்ல மேல இருக்கு, வெப்சைட்ல ரோபோ கை, செயற்கை இதயம்னு படமா போட்டிருக்காங்க ஆனா டிபார்ட்மெண்ட் ஆரம்பிச்சு மூணு வருஷம்தான் ஆகுது. இன்னொண்ணு ரேங்க்ல நல்லா பின்னாடி, ஆனா பழைய டிபார்ட்மெண்ட். வீட்ல எல்லாரும் ரேங்க்தான் பேசுறாங்க, எனக்கு மனசு ஒப்பல. உள்ள இருக்கறவங்க எத பாத்து முடிவு பண்ணுவீங்க?

பதில் 1

ரேங்க்க கொஞ்சம் ஓரமா வைங்க. அது பெரும்பாலும் யுனிவர்சிட்டி முழுசுக்கும் போடுறது, அதுல ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பெரிய பங்கு போகும், உங்க தங்கச்சி பக்கத்துல நின்னு லேப்ல யாரு சொல்லித்தருவாங்கன்னு அது சொல்லாது.

நான் ஆஸ்பத்திரில கிளினிக்கல் இன்ஜினியர், 11 வருஷமா. நான் படிச்ச இடத்துல ஈசிஜி எக்ஸ்பெரிமெண்ட்னா ஒரு ரெடிமேட் கிட் இருக்கும், வயர சொருகுனா திரையில அழகா அலை வரும், ரெக்கார்ட் நோட்ல வரைஞ்சு சைன் வாங்கிட்டு போயிடுவோம். வேலைக்கு வந்த முதல் மாசம் ஐசியூல ஒரு மானிட்டர்ல அலையே தெரியாம தடிப் பட்டை மாதிரி இரைச்சல் ஓடுது, நர்ஸ் அக்கா என் மூஞ்சியவே பாக்குறாங்க, எனக்கு எங்க கை வைக்கிறதுன்னே புரியல. மானிட்டரையே மாத்தி வச்சேன், அதே இரைச்சல். கடைசில சீனியர் வந்து நெஞ்சுல ஒட்டியிருந்த எலக்ட்ரோடு ஒண்ண உரிச்சுப் பாத்தார், ஜெல் காஞ்சு போயிருந்துச்சு. இதயத்தோட சிக்னல் தோல் மேல வரும்போது ஒரு மில்லிவோல்ட் அளவுதான் இருக்கும், கரண்ட் லைனோட 50 இல்லாட்டி 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் அதவிட பெருசா உடம்பு மேல ஏறி உக்காரும், ரெண்டு எலக்ட்ரோடும் ஒரே மாதிரி ஒட்டியிருந்தா ரெண்டுலயும் பொதுவா வர்றத ஆம்ப்ளிஃபையர் கழிச்சு விட்டுடும், ஒண்ணு காஞ்சா அந்தக் கழித்தல் கெட்டுப்போகும். காலேஜ்லயே ஒரு தடவ ப்ரெட்போர்டுல (வயர சொருகியே சர்க்யூட் கட்டுற பலகை) சொந்தமா சர்க்யூட் கட்டி, அலை வராம தவிச்சு, காரணத்த கண்டுபிடிச்சிருந்தா அன்னிக்கு ஒரு நோயாளி பக்கத்துல அப்படி திகைச்சு நின்னிருக்க மாட்டேன்.

அதனால நேர்ல போங்க. ஒரு ஆசிலோஸ்கோப்புக்கு (சிக்னல திரையில அலையா காட்டுற மெஷின்) எத்தனை பேர்னு பாருங்க. கடைசி வருஷப் பிள்ளைங்கள்ல யாரையாவது தனியா பிடிச்சு "உன் ப்ராஜெக்ட்ல எது வேலை செய்யாம போச்சு"ன்னு கேளுங்க. சொந்தக் கையால செஞ்ச பிள்ளை நிறுத்தாம சொல்லும். எல்லாம் நல்லா ஒர்க் ஆச்சுன்னு ஒரே வரில முடிச்சா யோசிங்க.

பதில் 2

அண்ணன் சொன்னது சரி, ஆனா லேப் மட்டும் பாத்தா பத்தாது. நான் மருத்துவக் கருவி டிசைன் பண்ற கம்பெனில இருக்கேன், புதுசா வர்றவங்கள இண்டர்வியூ எடுக்குறேன். இந்தப் படிப்போட பெரிய சிக்கலே இதுல எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்ஸ், மெட்டீரியல், உடலியல், ப்ரோக்ராமிங் எல்லாத்தையும் தொட்டுட்டு எதுலயும் ஆழம் இல்லாம வெளிய வந்துடலாம். மூணாவது நாலாவது வருஷ சிலபஸ்ஸ எடுத்து வச்சு பாருங்க, ஏதாவது ஒரு பக்கமா, சிக்னல் இமேஜிங்னோ இம்ப்ளாண்ட்னோ, நாலஞ்சு பேப்பர் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி வருதா, இல்ல எல்லாமே "அறிமுகம்"னு நிக்குதான்னு. எலெக்டிவ் லிஸ்ட் நீளமா இருக்கறதப் பாத்து மயங்காதீங்க, போன வருஷம் அதுல எத நிஜமா நடத்துனாங்கன்னு கேளுங்க.

இன்னொண்ணு, நோயாளியோட பாதுகாப்ப பாடமா வச்சிருக்காங்களா? தெராக்-25 கதை எத்தனை பேருக்குத் தெரியும்னு நான் கேக்கறதுண்டு. 1985லேர்ந்து 1987க்குள்ள புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுக்குற அந்த மெஷின் ஆறு பேருக்கு அளவுக்கு மீறிய டோஸ் கொடுத்துச்சு, சிலர் செத்தே போனாங்க. பழைய மாடல்ல தப்பு நடந்தா தடுக்க தனி ஹார்டுவேர் இருந்துச்சு, இதுல அத எடுத்துட்டு சாஃப்ட்வேர நம்புனாங்க, ஆப்பரேட்டர் வேகமா டைப் பண்ணி திருத்துனா சாஃப்ட்வேர் தடுமாறுச்சு. இத படிச்ச பிள்ளைக்கு ஐஎஸ்ஓ 14971ல (மருத்துவக் கருவிக்கான ரிஸ்க் ஸ்டாண்டர்டு) ரிஸ்க் அனாலிசிஸ் எதுக்கு, ஐஇசி 60601ல (மின்சார மருத்துவக் கருவிக்கான பாதுகாப்பு ஸ்டாண்டர்டு) லீக்கேஜ் கரண்ட்டுக்கு, அதாவது கருவிலேர்ந்து கசியுற கரண்ட்டுக்கு, ஏன் அவ்ளோ கட்டுப்பாடுன்னு தனியா விளக்க வேண்டியதில்ல. சிலபஸ்ல இதெல்லாம் பேருக்காவது இருக்கான்னு தேடுங்க, இல்லாத இடம் நிறைய.

பதில் 3

சுருக்கமா ரெண்டு விஷயம். அக்ரெடிட்டேஷன் (தரச்சான்று) இருக்குன்னு சொன்னா "யுனிவர்சிட்டிக்கா, இந்த ப்ரோக்ராமுக்கா"ன்னு கேளுங்க, ரெண்டும் வேற. அமெரிக்காவோட ஏபெட் மாதிரி தரச்சான்று அமைப்புங்க ப்ரோக்ராமுக்குத்தான் கொடுப்பாங்க, அதுவும் ஒரு பேட்ச்சாவது படிச்சு முடிச்சிருக்கணும், மூணு வருஷ டிபார்ட்மெண்ட்ல அது இருக்க வாய்ப்பு கம்மி. வெளிநாட்டுல வேலைக்கோ மேல் படிப்புக்கோ போற எண்ணம் இருந்தா 1989ல போட்ட வாஷிங்டன் அக்கார்டுக்குள்ள (இன்ஜினியரிங் டிகிரிய நாடுங்க ஒண்ணுக்கொண்ணு ஏத்துக்கிற ஒப்பந்தம்) அந்த டிகிரி வருதான்னும் பாருங்க. ரெண்டாவது, டிகிரி பேர்ல இன்ஜினியரிங்னு இருக்கா, பயோமெடிக்கல் சயின்ஸ்னு இருக்கான்னு ஒரு தடவ படிச்சிடுங்க, அது வேற பாதை.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இந்த வாரம் தங்கச்சியையும் கூட்டிட்டு ரெண்டு இடத்துக்கும் போய்ட்டு வந்தோம். புது டிபார்ட்மெண்ட்ல லேப் பளபளன்னு இருக்கு, ஆனா பாதி மெஷின்ல ஒட்டி வந்த பிளாஸ்டிக் கவர் இன்னும் உரிக்கல. அங்க இருந்த சார் நல்லவர், ஆசிரியர் ஆள் எடுத்துட்டு இருக்கோம்னு உள்ளத உள்ளபடி சொல்லிட்டார், அதுக்கு அவர மதிக்கிறேன்.

பழைய இடத்துல ஒரு கடைசி வருஷப் பொண்ணு பல்ஸ் ஆக்ஸிமீட்டர் செஞ்சு வச்சிருந்தா. அண்ணன் சொன்ன கேள்விய கேட்டேன், அவ்ளோதான். 660 நானோமீட்டர் சிவப்பு லைட்டும் 940 இன்ஃப்ராரெட்டும் மாறி மாறி எரியும், ஆக்ஸிஜன் இருக்கற ரத்தமும் இல்லாத ரத்தமும் அத வேற வேற அளவுல உறிஞ்சும்னு ஆரம்பிச்சு, விரல் லேசா ஆடுனா ரீடிங் எப்படி குதிக்குது, ஜன்னல் வெளிச்சம் உள்ள போய் எப்படி கெடுத்துச்சு, கருப்புத் துணிய சுத்துனப்புறம் என்ன ஆச்சுன்னு வரிசையா காட்டுனா. தோல் நிறம் கருப்பா இருந்தா மெஷின் ஆக்ஸிஜன கூட காட்ட வாய்ப்பிருக்கு, அத தன்னால இன்னும் சரி பண்ண முடியலன்னும் சொன்னா. என் தங்கச்சி விரல உள்ள விட்டு ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு கிளம்பவே மாட்டேன்னுட்டா.

அங்கதான் சேக்குறோம். வீட்ல ரேங்க் பேச்ச நான் பாத்துக்குறேன். மூணாவது வருஷத்துல சிக்னல் பக்கம் நாலு பேப்பர் தொடர்ச்சியா வருது, ஆனா ரிஸ்க் அனாலிசிஸ் சிலபஸ்ல எங்கயும் காணோம். அத அவ வெளில எப்படி படிச்சுக்கலாம்னு பதில் 2 போட்டவங்க சொன்னா உதவியா இருக்கும்.