வேலு தாத்தா குடும்பம்: தினேஷுக்கு இடம்

திங்கள், இரவு 8:05

கமலா அத்தை: மனநல வார்டுல சொல்லிட்டாங்க. எங்க தினேஷுக்கு வியாழன் டிஸ்சார்ஜ். நேரா வீட்டுக்கு வேணாம், கொஞ்ச நாள் ஹாஃப்வே ஹவுஸ்ல இருக்கட்டும்னு டாக்டர் சொல்றாரு. ஆயர் ஈத்தாம்ல ஒன்னு, பாகான்ல ஒன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. எதுன்னு யாராச்சும் சொல்லுங்க

சுந்தரம் சித்தப்பா: பாகான் வேணாம். பினாங்கு பாலத்துல ஜாம்

ராஜு பெரியப்பா: அது போதை கேஸ் இடம்ல?

விக்கி: அது வேற பெரியப்பா

மீனா பெரியம்மா: எல்லாரும் ஆன்லைன்ல இருக்கீங்க, அப்படியே சொல்லுங்க. சனிக்கிழமை தர்ஷினி நிச்சயத்துக்கு எத்தன பேர்? கேட்டரிங்காரர் நாளைக்குள்ள இலை கணக்கு கேக்கிறாரு

செல்வி அத்தை: அண்ணே, போதை மறுவாழ்வு வேற, இது வேற. இது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவுல. நோய் அடங்கியிருக்கும், ஆனா தானா எழுந்து குளிச்சு, மாத்திரை போட்டு, துணி துவைச்சு, பஸ் ஏறி வேலைக்குப் போற பழக்கம் விட்டுப் போயிருக்கும். அதத் திரும்பப் பழகுற இடம். சாதாரண குடியிருப்பு வீடாத்தான் இருக்கும், ஒரு ரூமுக்கு ரெண்டு மூனு பேர். சமையல், கூட்டுறது, பாத்ரூம் கழுவுறது எல்லாம் முறை போட்டு அவங்களே செய்யணும். ஸ்டாஃப் கூட நின்னு செய்ய வைப்பாங்க. பெரும்பாலும் ஆறு மாசத்துலேருந்து ரெண்டு வருஷம். முதியோர் இல்லத்துல விடுற மாதிரி விட்டுட்டு வர முடியாது. சேக்கிற அன்னைக்கே எப்ப வெளிய வருவான், அதுக்குள்ள என்னென்ன பழகணும்னு எழுதிப் பேசணும். அந்தப் பேச்சே எடுக்காத இடம்னா மாசக் காசுக்குத்தான் ஆள் சேக்கிறாங்கன்னு அர்த்தம்.

ராஜு பெரியப்பா: இவ்வளவு எதுக்கு. தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரிலயே விட்டுடலாம், அரசாங்க இடம், காசும் கம்மி

விக்கி: பெரியப்பா 🤦

செல்வி அத்தை: 1911ல தொறந்தப்ப அப்படி இருந்திருக்கலாம். இப்ப அது பஹாகியா ஆஸ்பத்திரி, சிகிச்சைக்கு. அடங்கினவன அங்க வச்சுக்கிட்டு என்ன செய்வாங்க?

கமலா அத்தை: அந்தப் பேரச் சொல்லாதீங்க அண்ணே. அவன் காதுல விழப் போகுது

ராஜு பெரியப்பா: அவன் வார்டுல இருக்கான், எப்படி விழும்

தினேஷ்: நானும் இந்த குரூப்லதான் இருக்கேன் மாமா

தினேஷ்: 7லேருந்து 9 வரைக்கும் ஃபோன் தருவாங்க

சுந்தரம் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜு பெரியப்பா: தம்பி எப்படிப்பா இருக்க. பசியாறியாச்சா

தினேஷ்: மணி எட்டரை மாமா

விக்கி: 😂😂

தினேஷ்: ஃபோன் வச்சிக்கலாமா, ரூமுக்கு எத்தன பேர், இத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. மத்தது பரவால்ல

செல்வி அத்தை: மத்ததும் முக்கியம்ப்பா. கமலாக்கா, போய்ப் பாக்கும்போது முதல்ல ஜேகேஎம், அதான் சமூக நலத்துறை, சர்டிபிகேட் கேளுங்க. நாலு பேரோ அதுக்கு மேலயோ தங்க வச்சுப் பாத்துக்கிற இடம்னா 1993 பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவு இருக்கணும். காலாவதித் தேதியப் படிங்க. எத்தன பேருக்கு அனுமதின்னு கேட்டுட்டு, மேல போய்க் கட்டில எண்ணுங்க. கணக்கு இடிச்சா பொம்பா (தீயணைப்பு) பர்மிட்டும் இடிக்கும். நர்சிங் ஹோம்னு சொன்னாங்கன்னா அதுக்கு சுகாதார அமைச்சு லைசன்ஸ், அது தனி.

செல்வி அத்தை: அப்புறம் ராத்திரி. ராத்திரி ஸ்டாஃப் அங்கயே இருக்காங்களா, ஃபோன் பண்ணா வர்றாங்களா? ஒருத்தன் ராத்திரி தூங்காம நடந்தா அத எதுல எழுதுறாங்கன்னு அந்த நோட்டக் காட்டச் சொல்லுங்க. நோய் திரும்பும்போது பல பேருக்கு முதல்ல கெடுறது தூக்கம். நோட்டு இல்லாத வீட்டுல பத்து நாள் கழிச்சு அவன் கத்தும்போதுதான் தெரிய வரும். திருடனுக்காக கேட் பூட்டுறது சரி, உள்ள இருக்கிறவன் கேட்டா தொறப்பாங்களா? ஐசி (அடையாள கார்டு), பேங்க் கார்டு வாங்கி வச்சிக்கிறாங்களா? காப்பி மட்டும் கொடுங்க. ரூல்ஸ் மீறினா என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க. சாப்பாடு நிறுத்துவோம், கட்டி வப்போம்னு பதில் வந்தா செருப்ப மாட்டிக்கிட்டு கிளம்பி வந்துடுங்க.

கமலா அத்தை: இத்தனையும் நான் எப்படி ஞாபகம் வச்சிக்கிறது

விக்கி: ஸ்டார் போட்டு வைங்க அத்தை

ராஜு பெரியப்பா: மாசம் எவ்வளவு

கமலா அத்தை: ஆயர் ஈத்தாம் 1,200 வெள்ளி, ரெண்டு மாசம் டெபாசிட். பாகான் 900

ராஜு பெரியப்பா: அப்ப பாகான்

செல்வி அத்தை: 900ல என்ன அடங்கும்? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற வண்டி, கூட வர்ற ஸ்டாஃப், டாய்லெட் சாமான் இதெல்லாம் தனி பில்லா? அவனுக்கு வாராவாரம் இரத்தம் எடுக்கணும். மாசம் நாலு தடவை பாலம் தாண்டுற செலவப் போட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. டெபாசிட் திரும்ப வருமா, ரெண்டு வாரத்துல வெளிய வந்தா மீதி எவ்வளவுன்னும் எழுத்துல வாங்கணும்.

பிரியா: தினேஷ், கிளோசாபின் மாத்திரை எத்தனாவது வாரம்?

தினேஷ்: ஏழு முடிஞ்சுது. ராத்திரி 250 மில்லிகிராம்

பிரியா: அடுத்த இரத்தம்?

தினேஷ்: செவ்வாய்

பிரியா: கமலா பெரியம்மா, 18 வாரம் வரைக்கும் வாராவாரம், அப்புறம் மாசம் ஒரு தடவை. வெள்ளை அணு இறங்குதான்னு பாக்கிறாங்க. ரிசல்ட் பாக்காம ஃபார்மசில அடுத்த மாத்திரை தரமாட்டோம், அதனால செவ்வாய் தவறினா மாத்திரையும் தவறும். காய்ச்சல், தொண்டை வலி வந்தா பானடோல் கொடுத்துப் படுக்க வைக்கக் கூடாது, அன்னைக்கே இரத்தம் பாக்கணும். இத அந்த வீட்டு ஸ்டாஃப் கிட்ட வாயால சொல்லாதீங்க, தாள்ல எழுதிக் கொடுங்க.

பிரியா: இன்னொன்னு. 48 மணி நேரத்துக்கு மேல விட்டுப்போனா நின்ன இடத்துலேருந்து தொடரக் கூடாது. டாக்டர் மறுபடியும் 12.5லேருந்து ஏத்துவாங்க. நேரா 250 போட்டா பிரஷர் இறங்கி விழுவாங்க, வலிப்பும் வரலாம். ஸ்டாஃப் பயந்துக்கிட்டு போட்டாச்சுன்னு டிக் அடிக்கிறதுதான் இதுல பெரிய ஆபத்து. விட்டுப்போச்சுன்னா யாருக்கு ஃபோன் பண்ணுவீங்கன்னு கேளுங்க, பதில் வர்ற வேகத்துலயே தெரிஞ்சிடும்.

சுந்தரம் சித்தப்பா: தாத்தா வீட்டுப் பெரிய அண்டா யார்கிட்ட இருக்கு? நிச்சயத்துக்குப் பாயாசம் வைக்கலாம்

மீனா பெரியம்மா: கேட்டரிங்ல கொண்டு வருவாங்க

சுந்தரம் சித்தப்பா: எங்க இருக்குன்னுதான் கேட்டேன்

கமலா அத்தை: வீட்ட வித்தவங்களக் கேளு

ராஜு பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

விக்கி: ஓகே ஓகே அண்டா அப்புறம்

தினேஷ்: அங்க சிகரெட் அடிக்கலாமா

கமலா அத்தை: டேய்

பிரியா: கேட்டது நல்லதுதான் பெரியம்மா. வார்டுல சிகரெட் இல்ல, அந்த 250 சிகரெட் இல்லாத உடம்புக்குப் பாத்து வச்ச அளவு. வெளிய வந்து பழையபடி ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் ஆரம்பிச்சான்னா ஈரல் அந்த மருந்த வேகமா கரைக்கும், இரத்தத்துல அளவு இறங்கிடும். மாத்திரை ஒழுங்காத்தான் போடுறான், ஏன் குரல் கேக்குதுங்கிறான்னு எல்லாரும் முழிப்பாங்க. திடீர்னு நிறுத்தினா தலைகீழா அளவு ஏறி எச்சில் வடியும், எழுப்பவே முடியாது. வேலைய காட்டுறது புகை, நிக்கோட்டின் இல்ல. அதனால நிக்கோட்டின் கம்ல இந்தச் சிக்கல் கிடையாது. கூட்டினாலும் குறைச்சாலும் டாக்டர்கிட்ட சொல்லு தினேஷ், யாரும் திட்ட மாட்டாங்க. கோப்பி ஓவும் எக்கச்சக்கமா குடிக்காத, அது அளவ ஏத்தும்.

தினேஷ்: எத்தன கப் ஓகே

பிரியா: இப்ப எத்தனையோ அத்தனையே. சட்டுனு ஏத்தாத சட்டுனு நிறுத்தாத. அப்புறம் மூனு நாள் வெளிக்குப் போகலன்னா வெக்கப்படாம ஸ்டாஃப்கிட்ட சொல்லு. இந்த மருந்துல மலச்சிக்கல் சின்ன விஷயம் இல்ல, குடல் அடைச்சு எமர்ஜென்சி ஆனவங்க உண்டு.

சுந்தரம் சித்தப்பா: சாப்பிடுற நேரத்துல இதா

மீனா பெரியம்மா: ஆயர் ஈத்தாம் இடம் சர்ச்காரங்க நடத்துறதாமே. கமலா, பாத்துக்க

செல்வி அத்தை: இருக்கட்டும் அண்ணி, நல்லா நடத்துறவங்க நிறைய பேர் இருக்காங்க. கேக்க வேண்டியது இதுதான்: ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு எல்லாரும் உக்காரணுமா, ரூம்ல முருகன் படம் வைக்கலாமா, மாட்டுக்கறி சமைக்கிற அன்னைக்கு இவனுக்கு வேற இருக்கா. மூனுக்கும் நேரா பதில் சொன்னா போதும். மருந்த நிறுத்திட்டு ஜெபம் பண்ணுன்னு சொல்ற இடம் வேணாம். அது யார் நடத்துனாலும்.

ராஜு பெரியப்பா: தண்ணீர்மலை முருகன் கோயில்ல ஒரு பூசாரி இருக்காரு, ஒரு தடவை மந்திரிச்சா

செல்வி அத்தை: தாராளமா மந்திரிங்க. 9 மணி மாத்திரைக்கு அவன் ஹாஃப்வே ஹவுஸ்ல இருக்கணும்.

கமலா அத்தை: நான் தினமும் சாம்பார் கட்டிக்கிட்டுப் போய் பாத்துட்டு வந்துடுவேன். அங்க என்ன சாப்பாடோ

செல்வி அத்தை: அக்கா கோவிச்சுக்காதீங்க. தினமும் வேணாம். நீங்க கொண்டு போனா அவன் சமையல் முறைக்கு நிக்க மாட்டான், மத்த பையன்களோட உக்காந்து சாப்பிட மாட்டான். முதல் ரெண்டு வாரம் வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் அவனக் கேட்டு. ஃபோன் ஒரு நாளைக்கு ஒன்னு, சாப்பிட்டியா தூங்கினியாங்கிறதத் தாண்டியும் ஏதாச்சும் பேசுங்க. லண்டன்ல 1970கள்ல பாத்திருக்காங்க: குறை சொல்ற, இல்ல அழுது அழுது தாங்குற வீட்ல வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல முகம் பாத்துக்கிட்டே இருந்தவங்களுக்கு நோய் அதிகமா திரும்பியிருக்கு. டாக்டர் நேரா வீட்டுக்கு வேணாம்னதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும். உங்க மேல குத்தம்னு இல்ல.

கமலா அத்தை: நான் எங்க குறை சொன்னேன்

தினேஷ்: 🙂

செல்வி அத்தை: அதுக்காக யாருமே எட்டிப் பாக்காம இருந்துடாதீங்க. டெபாசிட் கட்டுற வரைக்கும் பத்து பேர் வருவாங்க, மூனாவது மாசம் ஃபோன எடுக்க ஆள் இருக்காது. அப்படி விட்டா அவன் வெளிய வர்றதுக்கு வீடே இருக்காது. வாரத்துக்கு ஒருத்தர் முறை போடலாம், இங்கயே.

விக்கி: நான் ரெண்டாவது வாரம். பாசார் மாலாம் (ராத்திரிச் சந்தை) கூட்டிட்டுப் போலாமா?

செல்வி அத்தை: போலாம். கேட் அடைக்கிற நேரத்துக்குள்ள கொண்டு போய் விடணும்.

மீனா பெரியம்மா: அப்ப சனிக்கிழமை தினேஷ் வருவானா? வியாழன் சேந்து சனிக்கிழமை லீவு கொடுப்பாங்களா

செல்வி அத்தை: முதல் ரெண்டு வாரம் ராத்திரி தங்க விடாத இடம் நிறைய. பகல்ல வந்துட்டுப் போகக் கேக்கலாம். நான் டாக்டரா இருந்தா வேணாம்னுதான் சொல்லுவேன். புது இடத்துல ரெண்டு ராத்திரி, உடனே முந்நூறு பேர் கூட்டம், ஸ்பீக்கர், எல்லாரும் வந்து இப்ப எப்படி இருக்கன்னு கேப்பாங்க

மீனா பெரியம்மா: முந்நூறு இல்ல 120தான். நிச்சயத்துக்கு ஏன் ஸ்பீக்கர்

சுந்தரம் சித்தப்பா: ஸ்பீக்கர் இருக்கு அண்ணி. நான் சொல்லிட்டேன்

மீனா பெரியம்மா: ???

பிரியா: வந்தா யாரும் பீர் ஊத்திக் கொடுக்காதீங்க. சின்ன மாமா, உங்களத்தான்



தினேஷ்: நான் வரல அத்தை. தர்ஷினிகிட்ட நானே சொல்லிக்கிறேன். கல்யாணத்துக்கு வர்றேன்

செல்வி அத்தை: சரியான முடிவு. பின்னால வீட்டு லீவு வரும்போது மாத்திரைய எண்ணி வாங்குங்க: ரெண்டு ராத்திரின்னா ரெண்டு நாளுக்கு, ஒரு நாள் கூடுதலா, ஃபார்மசி லேபிள் ஒட்டின கவர்லயே. மைலோ டின்ல கொட்டி வைக்கிற வேலை வேணாம். திரும்பும்போது மீதிய எண்ணிக் கொடுங்க. முதல்ல ஸ்டாஃப் எடுத்துத் தருவாங்க, அடுத்து இவன் எடுக்க ஸ்டாஃப் பாப்பாங்க, கடைசியா ஒரு வார டப்பா இவன் கையில. அந்த மூனாவது படிக்கு வராம வீட்டுக்கு வந்தா அக்காதான் மறுபடி மாத்திரைக்காரி.

ராஜு பெரியப்பா: 1,200 எத்தன மாசம் கட்டுறது. ஏதாச்சும் உதவி இருக்கா

பிரியா: அவன் 2021லேருந்து ட்ரீட்மெண்ட். மனநலப் பிரிவுல ஓகேயு (மாற்றுத்திறனாளி) கார்டுக்கு ரெண்டு வருஷ சிகிச்சை ஆகியிருக்கணும், அது ஆச்சு. ஃபாரத்துல டாக்டர் கையெழுத்து வேணும், டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. கார்டு இருந்தா அரசாங்க ஆஸ்பத்திரியில மூனாம் வகுப்பு வார்டு வரைக்கும் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போய் சம்பளம் கம்மின்னா ஜேகேஎம்ல மாச அலவன்சுக்கு மனு போடலாம். மெந்தாரி மனநல மையத்துல ஜாப் கோச் இருக்காங்க, வேலை தேடவும் சேந்த அப்புறம் முதலாளிகிட்ட பேசவும் வருவாங்க.

ராஜு பெரியப்பா: கார்டு எடுத்தா நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பா

தினேஷ்: இப்ப வரிசையில நிக்கிறாங்களா மாமா

விக்கி: 😂🔥

செல்வி அத்தை: பதிவு கட்டாயம் இல்ல, அவன் இஷ்டம். அவனே யோசிக்கட்டும்.

தினேஷ்: ஃபோன் வாங்க வந்துட்டாங்க. ஆயர் ஈத்தாம்தான் எனக்குப் பிடிக்கும். 9 ஆச்சு

இரவு 9:20

கமலா அத்தை: அப்ப ஆயர் ஈத்தாமா

ராஜு பெரியப்பா: பாகானையும் ஒரு தடவை பாத்துடலாம்

செல்வி அத்தை: புதன் காலை 10 மணிக்கு ஆயர் ஈத்தாம். சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருங்க, சமையலறையில யார் நிக்கிறாங்கன்னு பாக்கணும். அங்க இருக்கிற பையன்கள்ள ஒருத்தர்கிட்ட ஸ்டாஃப் இல்லாதப்ப பேசுங்க. யார் காடி?

சுந்தரம் சித்தப்பா: என் காடி வர்க்‌ஷாப்புல

ராஜு பெரியப்பா: புதன் நிச்சயச் சாமான் எடுக்கணும்

விக்கி: மோட்டார் இருக்கு ஆனா ஒருத்தர்தான் உக்காரலாம்

மீனா பெரியம்மா: டெபாசிட்ல நாங்க 800 போடுறோம். அவர் சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன்

சுந்தரம் சித்தப்பா: நானும் ஏதாச்சும்

கமலா அத்தை: அண்ணி 🙏

கமலா அத்தை: 📷 படம்

பிரியா: பெரியம்மா இது மாத்திரை லிஸ்டா? தலைகீழா இருக்கு, உங்க விரல் மறைக்குது. ரெண்டாவது மருந்து பேரும் எத்தன மில்லிகிராம்னும் தெரியணும், திருப்பி எடுத்து அனுப்புங்க