காற்றாலை, மின்கம்பி, அணை: வேலையிடத்தில் பறவை, விலங்கு, மீன்களுக்கு நேர்வதை நேரில் பார்த்திருந்தால் சொல்லுங்கள்

கோபுரநிழல்:
காற்றாலையில் பராமரிப்பு வேலை. இரவு ஷிஃப்ட் முடிந்து இறங்கினால் கோபுரத்தடிச் சரளையில் ஒரு வௌவால். கையுறையோடு தூக்கிப் பார்த்தேன். காயமே இல்லை, இறக்கை முழுசாக இருக்கிறது, வாயோரம் மட்டும் ஒரு பொட்டு ரத்தம். சூப்பர்வைசரிடம் காட்டினால், "போடுங்க, விடியறதுக்குள்ள நரி தூக்கிட்டுப் போயிடும்" என்றார். அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. நரி தூக்கிப் போனது எந்தக் கணக்கில் வரும்? கணக்கெடுப்பவர்கள் எப்போதாவது பகலில் வந்து போகிறார்கள். சுழலும் காற்றாலை இறக்கைக்குப் பின்னால் காற்றழுத்தம் சட்டென்று இறங்கி நுரையீரல் சிதைவதால்தான் வெளியே காயம் தெரியாது என்று படித்தேன்.

கம்பியாள்:
அழுத்தக் கதை பழையது நண்பரே. 2008ல் அப்படி எழுதினார்கள். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர்கள், காற்றாலை இறக்கை மோதிச் சாவதே அதிகம் என்கிறார்கள். தோல் கிழியாது, உள்ளே எலும்பு முறிந்திருக்கும்.

சரி, என் கதை. லைன் ட்ரிப் ஆகிவிட்டது என்று போனோம். குறுக்குச் சட்டத்தில் கழுகு தொங்குகிறது, காலில் பாம்பு. அந்தப் பாம்புதான் பக்கத்துக் கம்பியைத் தொட்டிருக்கிறது. எடுத்துப் போட்டு, சப்ளை கொடுத்து, பதிவேட்டில் "பறவையால் பழுது" என்று எழுதிவிட்டுக் கிளம்பினோம். கம்பமும் சட்டமும் அப்படியேதான் இருக்கின்றன. பெரிய பறவைகள் உட்காரும் இடத்தில் கம்பிகளுக்கு நடுவே 150 செ.மீ. விடலாம், முடியாவிட்டால் ஜம்பருக்கு (கம்பத்தில் கம்பிகளை இணைக்கும் குட்டைக் கம்பி) உறையாவது போடலாம். இதைச் சொன்னால் "அடுத்த பட்ஜெட்ல பார்ப்போம்" என்கிறார்கள்.

அணையோரம்:
நான் நீர்மின் நிலையம். மாலை உச்ச நேரம் முடிந்ததும் டர்பைனை நிறுத்தச் சொல்லி போன் வந்தது, நிறுத்தினோம். ஆறு மளமளவென்று இறங்கிவிட்டது. கீழே போனால் கல் இடுக்கெல்லாம் விரல் நீளக் குஞ்சு மீன்கள். இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை, துள்ளும் சத்தம்தான், தகரத்தில் தூறல் விழுகிற மாதிரி. காவலாளியும் நானும் தொப்பியில் அள்ளி ஆற்றில் விட்டோம். எவ்வளவுதான் அள்ளுவது? தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்தால் மீன்கள் ஆழத்துக்குப் போய்விடும். அதற்கு மேலே இருப்பவர்கள் நேரம் தர வேண்டும்.

வரைபடம்:
சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை எழுதுகிறவன். சோலார் திட்டத்துக்குத் "தரிசு" என்று குறித்த நிலத்தில் நடந்தபோது காலடியில் முட்டைகள், தரையில் கூடு கட்டும் பறவை. தகடு வரிசைகளை ஏற்கெனவே வரைந்து முடித்திருந்தார்கள். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே எல்லோரும் எல்லாம் கட்டி முடித்த பிறகு செய்வதைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதிப்பைக் கையாளும் வரிசை இதுதான்: முதலில் தவிர், பிறகு குறை, பிறகு சீர்செய், அதற்கும் மிஞ்சினால்தான் வேறிடத்தில் ஈடுசெய். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் 6ஆம் செயல்திறன் தரமும் (2012) இதைத்தான் கேட்கிறது. நிறுவனங்கள் நேராக நாலாவதற்குத் தாவி மரக்கன்று நடுகின்றன. புல்வெளிப் பறவைக்கு மரக்கன்று எதற்கு? இடத்தை மாற்றுவதற்கு ஈடான வைத்தியமே இல்லை.

கோபுரநிழல், உங்கள் வௌவாலுக்கு வழி இருக்கிறது. அவை அதிகம் பறப்பது காற்று மெதுவாக இருக்கும் இரவுகளில். எந்தக் காற்று வேகத்தில் காற்றாலை ஓடத் தொடங்குகிறதோ அந்த வேகத்தை அப்போது மட்டும் கொஞ்சம் உயர்த்தினால் போதும். பென்சில்வேனியாவில் 2008, 2009 ஆண்டுகளில் செய்து பார்த்தபோது இரவு நேரச் சாவு 44 முதல் 93 சதவீதம் வரை குறைந்தது. ஆண்டு உற்பத்தி இழப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை. நார்வேயின் ஸ்மோலாவில் மூன்று இறக்கைகளில் ஒன்றுக்குக் கறுப்பு அடித்ததில் பறவைச் சாவு சுமார் 70 சதவீதம் குறைந்தது. ஆனால் அது நாலே காற்றாலைகளில் பார்த்தது, அதை வைத்து ஆட வேண்டாம். தவிர, இருட்டில் பறக்கும் வௌவாலுக்கு அது உதவும் என்று நம்பவும் வேண்டாம். அப்புறம்...

கோபுரநிழல்:
சார், ஸ்பேனர் பிடிக்கிறவனிடம் இதைச் சொல்லி என்ன செய்ய? வேகத்தை மாற்றுவது கட்டுப்பாட்டு அறை. ஒரு சதவீதம் என்பதை முதலாளியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையில் அந்த முட்டைகள் வந்தனவா, அதைச் சொல்லுங்கள்.

வரைபடம்:
பிற்சேர்க்கையில் வந்தன.

தீநாக்கு:
எரிவாயு ஆலையில் இருக்கிறேன். மூடுபனி இரவில் ஃப்ளேரை (மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் உயரமான குழாய்த் தீ) சுற்றிச் சின்னப் பறவைகள் வட்டமடித்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். 2013ல் கனடாவின் செயின்ட் ஜானில் ஒரே இரவில் சுமார் 7,500 வலசைப் பறவைகள் இப்படிச் செத்தன. எங்கள் மேலாளர் "அது கனடா" என்றார். தீயை மூடி எரிக்கும் ஃப்ளேர் இருக்கும் ஆலையில் இங்கே யாராவது வேலை பார்க்கிறீர்களா? பனி நாளில் பறவைகள் வருவது குறைந்திருக்கிறதா?