பின்னி முடித்த போர்வையை அகலமாக்க முடியுமா?

ஈசூன்வாசி:
மகளுக்காகப் பருத்தி நூலில் நானே பின்னிய போர்வை. 4 மி.மீ. ஊசி, முழுக்க கார்ட்டர் பின்னல் (எல்லா வரிசையும் ஒரே நேர்ப்பின்னல்). நீளம் 180 செ.மீ., அகலம் 90. இப்போது அவளுக்கு சூப்பர் சிங்கிள் கட்டில் வாங்கிவிட்டோம். மெத்தையே 107 செ.மீ. ஏர்கான் போட்டுத் தூங்குகிற பிள்ளை, புரண்டு படுத்தால் முதுகு வெளியே. வேறு போர்வை கொடுத்தால் தொடமாட்டேன் என்கிறாள். பக்கத்துக்கு 20 செ.மீ. கூட்ட வேண்டும். பிரிக்காமல் முடியுமா?

நூல்கண்டு:
நனைத்து இழுத்துக் காயப் போட்டுப் பாருங்களேன். பருத்தி நன்றாக இளகும்.

தேக்கா அத்தை:
இளகும்தான், ஆனால் 40 செ.மீ. வராது. அகலத்தில் இழுத்தால் நீளம் குறையும், அடுத்த சலவையில் பழையபடி சுருங்கிவிடும்.

பிரிக்கவே வேண்டாம்மா. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பக்கவாட்டு ஓரம் முழுக்க கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) எடுத்து வெளிப்பக்கமாகப் பின்னுவது. கார்ட்டரில் இரண்டு வரிசை சேர்ந்து ஒரு மேடாகத் தெரியும்; ஒரு மேட்டுக்கு ஒரு கண்ணி என்பது கணக்கு. 10 செ.மீ.க்கு 20 மேடு இருந்தால் ஒரு பக்கத்துக்கே 360 கண்ணி! நீளமான வட்ட ஊசி வேண்டும். புது மேடுகளும் பழையவற்றுக்குக் குறுக்கே ஓடும்.

நான் செய்வது இரண்டாவது. 20 செ.மீ.க்கு வேண்டிய கண்ணி மட்டும் போட்டு, ஒரு பட்டையாகப் பின்னிக்கொண்டே போர்வையோடு சேர்ப்பேன். போர்வைப் பக்கம் வரும்போது, பட்டையின் கடைசிக் கண்ணியையும் போர்வையின் ஓரக் கண்ணி ஒன்றையும் சேர்த்து ஒன்றாகப் பின்னித் திரும்புங்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை இந்த இணைப்பு வரும். மேடும் மேடும் நேருக்கு நேர் நிற்கும், தனியாகத் தைக்கும் வேலை கிடையாது.

ஈசூன்வாசி:
இது பிடித்திருக்கிறது அத்தை. நூல் எவ்வளவு வாங்குவது? அதே நிறம் கிடைக்குமா?

தேக்கா அத்தை:
சமையலறைத் தராசில் போர்வையை நிறுங்கள். 900 கிராம் என்றால், கூட்டும் பரப்புக்கு 400 கிராம் ஆகும். ஒரு உருண்டை கூடுதலாகவே வாங்குங்கள், எல்லாம் ஒரே சாய எண்ணில் (ஒரே தடவையில் சாயம் ஏற்றியதாக). நிறம் தேடி அலையாதீர்கள். துவைத்து வெளுத்த போர்வைக்குப் பக்கத்தில் அதே நிறப் புது நூலும் பொருந்தாது. வேண்டுமென்றே அடர்நிறம் போடுங்கள், புடவைக் கரை மாதிரி எடுப்பாக இருக்கும். நூலின் தடிமன் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். நூல் வாங்க பீப்பிள்ஸ் பார்க் சென்டருக்குப் போகும்போது பழைய நூல் துண்டு ஒன்றை எடுத்துப் போங்கள்.

ஈசூன்வாசி:
ஒரு பக்கம் முடித்ததும் மறுபக்கத்துக்குப் போர்வையைப் புரட்ட வேண்டுமா?

தேக்கா அத்தை:
புரட்டக் கூடாது. புரட்டினால் இணைப்புத் தடம் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் அடியிலேயும் தெரியும். அதே முகம் மேலே இருக்க, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போட்டு மறு கோடியிலிருந்து தொடங்குங்கள். அப்புறம், ஒரு சாண் பின்னியதும் தரையில் விரித்துப் பாருங்கள். பட்டை போர்வையைச் சுருக்கி இழுத்தால் ஊசியை 4.5 ஆக்குங்கள், அலையலையாக நெளிந்தால் 3.5. மடியில் மொத்தப் போர்வையும் கிடக்கும், ஃபேனை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.