மோதிரம் இல்லாத பெரிய ஆக்கள் கடைசி நேரத்தில பதகளிச்சவங்களா?

வாவிக்கரை:

ஃபாதர் ஹெபர்ட் புனித மிக்கேல் கல்லூரியில பழக்கின காலத்திலயிருந்து மட்டக்களப்புக்குக் கூடைப்பந்து வாதம் புதிசில்ல. காலம்புற ஆறு மணிக்கு பைனல்ஸ் பார்க்கிறது, பின்னேரம் கோர்ட்டில வந்து அதையே திரும்பக் கதைக்கிறது. இப்ப ஓடுற சண்டை இதுதான். கார்ல் மலோன், ஸ்டொக்டன், பார்க்லி, பற்றிக் யூவிங், எல்ஜின் பெய்லர், ஹார்டன், ஒருத்தருக்கும் என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பட்டம் இல்ல, அதோட குடுக்கிற மோதிரமும் இல்ல. ஒரு பக்கம் "நெருக்கடி வந்தா கை உதறினவங்க, அதான் இல்ல" எண்டுது. மற்றப் பக்கம் "ஜோர்டான் விளையாடின காலத்தில விளையாடினது தவிர வேற பிழை இல்ல" எண்டுது. ரெண்டுமே வாய்ச்சொல்லாத்தான் கிடக்கு. கணக்கை வச்சு ஒரு ஆள் அந்தரப்பட்டவரா இல்லையா எண்டு பிரிச்சுப் பார்க்க வழி இருக்கா?

இன்னொண்டு. 17 வயசுக்குட்பட்ட டீம்ல ஒரு பிள்ளை. பயிற்சியில ஃப்ரீ த்ரோ எல்லாம் விழுது, மெச்சில விழுதில்ல. அதுவும் இதே வருத்தம்தானா?

கல்லடி ஸ்கோரர்:

முதல்ல ஃபீல்ட் கோலையும் ஃப்ரீ த்ரோவையும் பிரிச்சு வையுங்க தம்பி. ஃபீல்ட் கோல் எண்டா எதிரில அஞ்சு பேர் நிக்கிறாங்க, பாஸ் வரணும், இடம் கிடைக்கணும். ஃப்ரீ த்ரோ பவுலுக்காகக் குடுக்கிற ஷொட், முன்னால ஒரு கையும் இல்ல. அதே தூரம், அதே வளையம், எந்த மாசம் விளையாடினாலும் அதே ஷொட். மனசு ஆடினா அங்கதான் முதல்ல தெரியும்.

இப்ப மலோன எடுங்க. வழமையான சீசன்கள்ல ஃப்ரீ த்ரோ 74.2 சதவீதம், ப்ளேஓஃப்ல (சீசன் முடிய பட்டத்துக்கு நடக்கிற சுத்துகள்ல) 73.6. மாற்றம் எண்டு சொல்ல ஒண்டுமில்ல. ரெஜி மில்லரும் பட்டம் இல்லாத ஆள்தான், அவருக்கு 88.8 இல இருந்து 89.3, கூடித்தான் இருக்கு. ஆனா மலோன்ட ஃபீல்ட் கோல் 51.6 இல இருந்து 46.3 க்கு இறங்கிட்டு. யூவிங்குக்கு 50.4 இல இருந்து 46.9. ஸ்டொக்டனுக்கு 51.5 இல இருந்து 47.3. ஜோர்டானுக்கே 49.7 இல இருந்து 48.7 க்கு இறங்கித்தான் இருக்கு, ஆனா ஒரே ஒரு புள்ளி.

ஃப்ரீ த்ரோ அப்பிடியே நிண்டு, ஃபீல்ட் கோல் மட்டும் இறங்கினா, காரணத்தை ஆட்டத்துக்குள்ளதான் தேடணும். மலோனும் ஸ்டொக்டனும் இருந்த யூட்டா விளையாடினது பிக் அண்ட் ரோல், ஒருத்தர் எதிராளிய மறிச்சு நிண்டிட்டு உடனே வளையப் பக்கம் திரும்பி பாஸ் வாங்குறது. மலோனுக்கு லேசான புள்ளி வந்த வழி ரெண்டு. ஒண்டு, அந்த உடம்போட ஓடி முன்னுக்குப் போய் எடுக்கிற ஃபாஸ்ட் பிரேக். மற்றது, ஸ்டொக்டன் சரியான நேரத்தில கையில வைக்கிற பாஸ். ப்ளேஓஃப்ல ஆட்டம் மெதுவாகும், அதால ஃபாஸ்ட் பிரேக் வத்திரும். ஒரே டீமோட ஏழு மெச் வரைக்கும் விளையாடேக்க, பாஸ் எந்தப் பக்கத்தால வரும் எண்டு எதிராளிக்கும் மனப்பாடம். மறுகா மலோனுக்கு மிஞ்சுறது 16, 17 அடி ஜம்ப் ஷொட். அதை நாள் முழுக்க அடிச்சா 50 சதவீதம் யாருக்கும் வராது. ஜோர்டானுக்குப் பாஸ் வரத் தேவையில்ல, போலைத் தட்டிக்கொண்டு தானே இடம் செஞ்சு எடுப்பார். கடைசி ரெண்டு நிமிசத்தில உயரமான ஆக்களை விட, போலைக் கொண்டுவாற கார்ட் ஆக்கள் துணிஞ்சவங்க மாதிரித் தெரியிறது அதாலதான்.

1997 பைனல்ஸ் முதல் மெச்சையும் சொல்லீருறன், இல்லாட்டி யாராவது தூக்கிக்கொண்டு வருவாங்க. 82-82, 9.2 செக்கன் மிச்சம், மலோன் ரெண்டு ஃப்ரீ த்ரோவும் விட்டார். மலோன்ட பட்டப்பேர் போஸ்ட்மன். அதுக்கு முன்னால சிகாகோவில ஜோர்டானோட விளையாடின பிப்பன் போய் "போஸ்ட்மன் ஞாயித்துக்கிழமை கடிதம் குடுக்கிறதில்ல" எண்டு காதுக்குள்ள சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். ஜோர்டான் கடைசி ஷொட்டப் போட்டு 84-82. ஆனா அந்த சீசன்ல மலோன் 75.5 சதவீதம். அப்பிடி ஒரு ஆள் அடுத்தடுத்து ரெண்டையும் விடுறது ஏறக்குறைய 17 தரத்தில ஒருக்கா தானா நடக்கும். முதல் சீசன்ல 48.1 சதவீதம் அடிச்ச ஆள் அந்த அளவுக்கு ஏறினதை ஒருத்தரும் கதைக்கிறதில்ல.

அக்கரைப்பற்று டிஃபன்ஸ்:

ஸ்கோரர் அண்ணன்ட கணக்கு சரி. ஆனா சராசரிக்குள்ள நல்லா ஒளிச்சிரலாம். முதல் குவாட்டர்ல 20 புள்ளி முன்னுக்கு நிண்டு அடிக்கிற ஃப்ரீ த்ரோவும் அந்த 73.6 க்குள்ளதான் இரிக்கி. 9.2 செக்கன்ல அடிக்கிறதும் அதுக்குள்ளதான். ரெண்டும் ஒரே ஷொட்டா?

கை உதறுறது எப்பிடி இரிக்கும் எண்டு பார்க்கணுமெண்டா நிக் அண்டர்சனப் பாருங்க. 1995 பைனல்ஸ் முதல் மெச், அவர்ட டீம் ஒர்லாண்டோ மூணு புள்ளி முன்னுக்கு. ரெண்டு ஃப்ரீ த்ரோ விட்டார், திரும்பி வந்த போலைத் (ரிபவுண்ட்) தானே எடுத்தார், திரும்பவும் பவுல், திரும்பவும் ரெண்டையும் விட்டார். நாலுல ஒண்டு விழுந்திருந்தாலே மெச் கிட்டத்தட்ட முடிஞ்சிரிக்கும். ஹூஸ்டன்ட கென்னி ஸ்மித் த்ரீ (மூணு புள்ளி ஷொட்) போட்டு சமப்படுத்தி, ஓவர்டைம்ல ஹூஸ்டன் 120-118. அந்த சீசன்ல ஆள் 70 சதவீதமளவில அடிச்சவர், அடுத்த சீசன் 69 அளவில நிண்டார், ரெண்டு சீசன் கழிச்சுப் பார்த்தா 40.4. வெறும் ஒரு ராத்திரி துரதிர்ஷ்டம் எண்டா இவ்வளவு விழாது.

ஃப்ரீ த்ரோவில தெரியாத இன்னொரு வகை இரிக்கி. போலைக் கேக்காம ஒதுங்குறது. ஹார்டன் 2017 இல சான் அன்டோனியோவோட ஆறாவது மெச், சொந்த ஊர்ல, எதிர்ப்பக்கம் அவங்கட பெரிய ஆள் கவாய் லெனர்டே இல்ல. 11 ஷொட், 2 விழுந்திச்சு, 10 புள்ளி. 114-75 எண்டு ஹூஸ்டன் தோத்திச்சு. 2023 இல பொஸ்டனோட ஏழாவது மெச், 9 புள்ளி, திரும்பவும் 11 ஷொட்தான். சீசன் முழுக்க போலை கையிலேயே வச்சிரிக்கிற ஆள், முடிவு மெச்சில 11 தரம்தான் எறிஞ்சார் எண்டா அது டிஃபன்ஸ் மட்டும் செஞ்ச வேலை இல்ல.

ஆனா இதையும் சேர்த்து எழுதுங்க. லெப்ரோன் 2011 பைனல்ஸ் நாலாவது மெச்சில அடிச்சது 8 புள்ளி, அவரும் 11 ஷொட். அடுத்த வருசம் பட்டம். அப்ப ஒதுங்கினவருக்கும் மோதிரம் இரிக்கி, ஒதுங்காதவருக்கும் இல்லாம இரிக்கி. மோதிரத்தை வச்சு இதை அளக்கப்போனா ரெண்டு பக்கமும் பிழைக்கும்.

வாவிக்கரை:

யூவிங்க எந்தப் பக்கம் வைக்கிறது காக்கா? 1994 இல ஏழாவது மெச் வரைக்கும் வந்து தோத்தவர்.

அக்கரைப்பற்று டிஃபன்ஸ்:

அந்த ஏழாவது மெச்சில ஜோன் ஸ்டார்க்ஸ் 18 ஷொட்ல 2, த்ரீ 11 இல ஒண்டும் இல்ல. யூவிங் அந்த சீரீஸ்ல 30 புளொக் (எதிராளிட ஷொட்டைத் தட்டிவிடுறது). அது அப்ப பைனல்ஸ் சாதனை. கூட விளையாடினவன்ட 2/18 ஐ யூவிங்ட பேர்ல எழுதேலாது. 1995 இல இண்டியானாவோட ஏழாவது மெச் கடைசியில பக்கத்தில இருந்து உருட்டிப் போட்டது வளையத்தில பட்டு வெளிய வந்திச்சே, அதை வேணுமெண்டா எழுதலாம்.

திருக்கோவில் பெஞ்ச்:

எல்லாரும் ஆளைப் பார்க்கிறீங்க, சீரீஸைப் பார்க்கிறீங்க இல்ல.

ஒவ்வொரு மெச்சிலயும் உங்கட டீம் வெல்ல 55 சதவீத வாய்ப்பு எண்டு வையுங்க. அது நல்ல பலமான டீம்தான். ஏழு மெச் சீரீஸ வெல்ல அவங்களுக்கு வாய்ப்பு 61 சதவீதமளவுதான். ஒவ்வொரு சீரீஸையும் 70 சதவீதம் வெல்லக்கூடிய டீம் எண்டாலும், பட்டத்துக்கு வேண்டிய நாலு சீரீஸையும் அடுத்தடுத்து வெல்லுறது 24 சதவீதம். நாலு வருசத்தில ஒருக்கா. அதுக்குள்ள ஜோர்டான், இல்லாட்டி பொஸ்டன்ட பில் ரசல் நிண்டா அதுவும் போச்சு.

1962 பைனல்ஸ் அஞ்சாவது மெச்சில லேக்கர்ஸ்ட பெய்லர் பொஸ்டனுக்கு எதிரா 61 புள்ளி, 22 ரிபவுண்ட். பைனல்ஸ்ல ஒரு மெச்சில இதுவரைக்கும் ஒருத்தரும் தாண்டாத புள்ளி. ஏழாவது மெச் முடிய முதல் ஃபிராங்க் செல்வி எடுத்த ஷொட் விழுந்திருந்தா பெய்லருக்குப் பட்டம். விழல்ல, ஓவர்டைம்ல 110-107. எட்டுப் பைனல்ஸ் தோத்தவர், அதில ஏழு பொஸ்டனோட. 1971-72 சீசன்ல ஒம்பது மெச்சோட முழங்கால் ஏலாம விட்டிட்டுப் போனார். அவர் போன கையோட லேக்கர்ஸ் 33 மெச் தொடர்ந்து வெண்டு, பட்டமும் எடுத்திச்சு. அதுவரைக்கும் கூடவே தோத்துக்கொண்டு வந்த ஜெரி வெஸ்டுக்கு அப்பதான் கிடைச்சது. அந்த வெஸ்ட் 1969 இல ஏழாவது மெச்ச ரெண்டு புள்ளியால தோக்கேக்க 42 புள்ளி, 13 ரிபவுண்ட், 12 அசிஸ்ட். தோத்த பக்கத்தில நிண்டு பைனல்ஸ் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர் விருது) எடுத்த ஒரே ஆள்.

1998 ஆறாவது மெச்சில மலோன் கையால போலை ஜோர்டான் தட்டி எடுத்தது உண்மை. ஜோர்டான் காவல் பார்த்த ஹோர்னசெக் குறுக்க வெட்டிப் போக, அவரோட போகாம ஜோர்டான் மலோன்ட பின்பக்கத்தால வந்தார். மலோனுக்கு அது தெரியிற பக்கம் இல்ல. "பின்னால!" எண்டு கத்தவேண்டியது கூட விளையாடுறவங்க. அந்த மெச்சில மலோன் 31 புள்ளி, 11 ரிபவுண்ட், 7 அசிஸ்ட். அதே மெச்சில யூட்டாட ஹவர்ட் ஐஸ்லி போட்ட த்ரீ நேரத்துக்குள்ள கையை விட்டும், எண்ணாம விட்டிட்டாங்க. ரிப்ளேயில நல்லாத் தெரியும், ஆனா அப்ப ரிப்ளே பார்த்து மாத்துற சட்டம் இல்ல. முடிவு 87-86.

டர்க் நொவிற்ஸ்கி 2010 இல விட்டிருந்தா அவரும் இந்தப் பட்டியல்தான். 2006 பைனல்ஸ்ல 2-0 முன்னுக்கு நிண்டு தோத்தார், மூணாவது மெச் கடைசியில ஃப்ரீ த்ரோ ஒண்டும் விட்டார். அடுத்த வருசம் அவர் எம்விபி எடுத்தும், டீம் முதல் சுத்தில எட்டாம் இடத்து டீமோட தோத்து வெளிய. 2011 இல ஒக்லஹோமாவோட ஒரே மெச்சில 24 ஃப்ரீ த்ரோ, 24 உம் விழுந்திச்சு. பட்டமும் எடுத்தார்.

கல்லடி ஸ்கோரர்:

காக்கா சொன்ன சராசரி விசயம் ஞாயம். அதுக்குத்தான் கடைசி 5 நிமிசத்தைத் தனியா எழுதுறது. தம்பி, நீங்க கேட்ட பிள்ளைக்கும் அதுதான் முதல் வேலை. ஒரு சியார் கொப்பில நாலு நிரல் கீறுங்க: களைப்பில்லாத பயிற்சி, ஓடின உடனே பயிற்சி, மெச்சில சாதாரண நேரம், மெச்சில கடைசி 5 நிமிசம் வித்தியாசம் 5 புள்ளிக்குள்ள. நாலாவது நிரல்ல ஒரு 40 ஷொட்டாவது சேராம ஒரு முடிவும் எடுக்காதீங்க. 70 சதவீதம் அடிக்கிற பிள்ளை, ஒரு பதட்டமும் இல்லாமலே, பத்தில அஞ்சோ அதுக்குக் குறையவோ போடுறதுக்கு 15 சதவீத வாய்ப்பு இருக்கு.

பிள்ளையக் குறை சொல்ல முதல் கூடையை அளவுங்க. நிலத்தில இருந்து வளையம் 3.05 மீற்றர், ஃப்ரீ த்ரோ கோடு பலகைக்கு நேர்கீழ இருந்து 4.6 மீற்றர். பொடியன்மார் தொங்கித் தொங்கி வளையம் முன்னால சரிஞ்ச கூடை நிறைய இருக்கு. அதில பழகின கைக்கு மெச் கூடை உயரமாத் தெரியும். தேய்ஞ்ச ரப்பர் போல்ல பழகிட்டு மெச்சில புதுத் தோல் போலைப் பிடிச்சாலும் இதே கதை. வெளிக் கோர்ட்டில கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில எழுதின கணக்கைத் தனியா வையுங்க.

பிறகு எந்தப் பக்கம் பிழைக்குது எண்டு குறியுங்க. வளையத்தின்ட முன்பக்கம் பட்டா கால் களைச்சிட்டு. ரெண்டாவது நிரல்லயும் சதவீதம் இறங்கியிருந்தா அது மூச்சுப் பிரச்சினை, மனசு இல்ல. பின்பக்கம் பட்டு நீளமாப் போனா அவசரம். இடம் வலமா விலகினா போலை இறுக்கிப் பிடிக்கிறான், முழங்கை வெளிய போகுது. கடைசி நிரல் மட்டும் இறங்கி, இடம் வலமா விலகினா மட்டும் "அந்தரப்படுறான்" எண்டு சொல்லலாம்.

பயிற்சியில 50 ஷொட்ட வரிசையா அடிக்க விடாதீங்க. மெச்சில ஒருத்தனும் 50 குடுக்கமாட்டான். 28 மீற்றர் கோர்ட்டை நாலு தரம் ஓடிட்டு ரெண்டே ரெண்டு ஷொட். ஒரு நாளைக்கு இப்பிடிப் பத்து முறை. விட்டா முழு டீமும் ஒருக்கா ஓடணும், எல்லாரும் ஃப்ரீ த்ரோ கோட்டைச் சுத்தி நிண்டு சத்தம் போடணும். கோட்டில ஒரே மாதிரி செய்யப் பழக்குங்க: மூணு தரம் தட்டி, மூச்சை முழுசா வெளிய விட்டு, வளையத்தின்ட பின் விளிம்பைப் பார்த்து எறியிறது. மலோன் கோட்டில நிண்டு வாய்க்குள்ள ஏதோ முணுமுணுப்பார், எதிர்ப்பக்கச் சனம் செக்கன் எண்ணும். அதைப் பார்த்துப் பிள்ளை நீட்டப்படாது. என்பிஏயில 10 செக்கன் இருக்கு, நமக்கு ஃபீபா (சர்வதேச கூடைப்பந்து சம்மேளனம்) சட்டம், 5 செக்கன்தான்.

வாவிக்கரை:

நன்றி அண்ணன். பின்னேரமே அளவுநாடாவோட போறன். ஹார்டனுக்கு மட்டும் இன்னும் தீர்ப்பு வரல்ல.

திருக்கோவில் பெஞ்ச்:

2018 ஏழாவது மெச்சையும் பாருங்க. ஹூஸ்டன் தொடர்ந்து 27 த்ரீ விட்டது, ஆனா மெச் முழுக்கப் பார்த்தா த்ரீயில ஹார்டன் 13 இல 2, கூட விளையாடின கோர்டன் 12 இல 2, அரிசா 9 இல ஒண்டும் இல்ல. தொடைத் தசை பிடிச்சு கிறிஸ் போல் வெளிய. ஹார்டன் 32 புள்ளி அடிச்சார்.

அக்கரைப்பற்று டிஃபன்ஸ்:

2018 ஐ மன்னிச்சிட்டன். 2017 ஐ விடமாட்டன்.