கடலோர வீட்டுச் சுவருக்கு எது: தஞ்சாவூர்ப் பலகையா, எண்ணெய் ஓவியமா, ஆஸ்திரேலியப் புள்ளியா?

நெய்தல்: பெசன்ட் நகர், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே. ஹாலில் 3 அடிக்கு 2 அடி இடம். ஏசி ராத்திரி மட்டும் ஓடும். தஞ்சாவூர்ப் படம், ஐரோப்பிய முறை எண்ணெய் ஓவியம், ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் புள்ளி ஓவியம் என மூன்று யோசனை. எது வாங்கலாம்?

ஆளிவிதை: எண்ணெய் ஓவியம்தான். தஞ்சாவூர்ப் படத்தில் பலகை, அதன்மேல் துணி, சுக்கான் பொடியும் பசையும் கலந்த பூச்சு, புடைப்புக்கு மக்கு என்ற கெட்டிப் பசை, அதற்கு மேல் கல்லும் தங்க ரேக்கும் (மெல்லிய தங்கத் தாள்). ஒவ்வொரு அடுக்கும் ஈரத்தை ஒவ்வொரு அளவில் வாங்கும். ஏசி ஓடினால் பலகை சுருங்கும், நின்றால் உப்பும். மேலே உள்ள பூச்சுக்கு வளையத் தெரியாது, அதனால் முடி மாதிரி விரிசல் விடும். கேன்வாஸ் அப்படியில்லை. தொய்ந்தால் சட்டத்தின் மூலையில் இருக்கும் ஆப்பை லேசாகத் தட்டினால் இறுகிவிடும்.

பலகைப்படம்: பாதிதான் சரி சார். ஒற்றைப் பலாப்பலகை நாரின் குறுக்கே அசையும், அதனால்தான் விரிசல். நல்ல மரைன் ப்ளையில் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை, இந்தியத் தர எண் ஐஎஸ் 710) நார் மாற்றி மாற்றி ஒட்டியிருப்பதால் அந்த அசைவு மிகக் குறைவு. "ப்ளையில் செய்தால் போலி" என்பது கடைக்காரர் பேச்சு. கேன்வாஸ் மட்டும் என்ன ஒழுங்கு? அதற்கு அடியில் பூசும் விலங்குப் பசை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டி மாட்டினால் முதலில் கெடுவது பின்பக்கம்தான்.

ஆளிவிதை: பின்பக்கப் பூஞ்சையை ஒப்புக்கொள்கிறேன். கீழ் மூலைகளில் தக்கை ஒட்டி ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்று போய்வரும். ஆனால் ரேக் விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்களே? சந்தையில் பல படங்களில் செம்பு, துத்தநாகம் கலந்த போலி ரேக். உப்புக்காற்றில் கல்லைச் சுற்றி முதலில் பச்சை தட்டும், பிறகு கறுக்கும்.

பலகைப்படம்: அது தரகர் குற்றம், கலையின் குற்றமில்லை. 22 காரட் ரேக் கறுக்காது. பில்லில் "22 காரட் தங்க ரேக்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடலாம். கண்ணாடி படத்தில் படாமல் 5, 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும், ஒட்டியிருந்தால் உள்ளே வியர்க்கும். பழைய படம் என்று யாராவது விற்க வந்தால் இன்னொன்றும் பாருங்கள். நூறு வருடம் தாண்டிய ஓவியம் 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

செம்மண்: இருவரும் எது தாங்கும் என்றே பேசுகிறீர்கள். புள்ளி ஓவியத்தில் முதல் கேள்வி வேறு: ஒவ்வொரு படமும் ஒரு குலக்கதையைச் சொல்லும், வரைந்தவருக்கு அந்தக் கதையை வரைய உரிமை உண்டா? 1971இல் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில் பாபுன்யா என்ற இடத்தில், ஜெஃப்ரி பார்டன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்த காலத்தில், மணலிலும் உடலிலும் வரைந்து வந்த குறிகள் பலகைக்கு வந்தன. அடுத்த ஆண்டே ஓவியர்களே உரிமையாளர்களாக ஒரு நிறுவனம் அமைந்தது. ஒரு நீர்நிலைக் கதை ஒரு குடும்பத்துக்கு உரியது, பக்கத்து வீட்டார் வரையக் கூடாது. அதனால் ஓவியர் பெயர், ஊர், கலை மையம், பட்டியல் எண் நான்கும் உள்ள தாள் இல்லாமல் வாங்காதீர்கள். வெறும் புள்ளி வைத்த படம் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். 2010 முதல் அங்கே மறுவிற்பனையில் ஓவியருக்கு 5 சதவீதம் போகிறது, ஆயிரம் டாலரும் அதற்கு மேலும் விற்கும் படங்களுக்கு.

பலகைப்படம்: சரி, ஆனால் அது அக்ரிலிக். மே மாதச் சூட்டில் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். துடைத்தாலும் போகாது.

செம்மண்: உண்மைதான். அதனால்தான் குமிழ் பிளாஸ்டிக்கை ஓவியத்தின் முகத்தில் சுற்றக் கூடாது, வட்டத் தழும்பு விழும். சுருட்டி அனுப்புவதானால் பெரிய குழாயில், வண்ணம் வெளிப்பக்கம் இருக்கச் சுருட்ட வேண்டும். வெயில் படாத சுவரில் மாட்டி, ஈரத்துணி தொடாமல் மென்தூரிகையால் மட்டும் தூசு தட்டினால் போதும்.

ஆளிவிதை: எண்ணெய் ஓவியத்தில் ஏமாறுவது இன்னும் சுலபம். அச்சிட்ட கேன்வாஸின் மேல் நிறமற்ற ஜெல்லைத் தூரிகைத் தடம்போல இழுத்து விற்கிறார்கள். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், சீரான மைப்புள்ளிகள் தெரிந்தால் அச்சு. புதிதாக வரைந்ததென்றால் எப்போது முடித்தார் என்று கேளுங்கள். தடித்த பூச்சு உள்ளே காய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். அதற்கு முன் வார்னிஷ் அடித்தால் ஒட்டும், பிறகு பிளக்கும்.

நெய்தல்: கடையில் நின்றுகொண்டு நானே பார்க்கக்கூடியது என்ன?

பலகைப்படம்: ஃபோன் டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். விரிசல், உப்பல், பிளவு மூன்று வகைப் படத்திலும் நிழலாகத் தெரியும். பலகைப்படமானால் கடைக்காரரையே பின்பக்கம் விரலால் மெல்லத் தட்டச் சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் டொக்கென்று கேட்டால் அங்கே பூச்சு விட்டிருக்கிறது.

ஆளிவிதை: ப்ளை பற்றி நான் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. முகத்தை எவ்வளவு பூசினாலும் ஈரம் நுழைவது விளிம்பில்தான். நாலு பக்கமும் விளிம்பை அடைத்திருக்கிறார்களா என்று ஃப்ரேம் போடுவதற்கு முன்பே காட்டச் சொல்லுங்கள்.